கேட்டல் பயிற்சி

பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
பாட்டு வேண்டாம், படம் பாருங்கள்,
காது பழகும் என்றார் ஹட்டன் வகுப்பு சேர்.
காதல் படம் என்று நினைத்துத்தான்
நுவனின் கடையில் பென்டிரைவில் ஏற்றினேன்.

முதல் காட்சியிலேயே
வயல் வாய்க்காலில், உறைந்த தண்ணீருக்கு அடியில்
ஒரு முகம்.

அரிசி களைந்த ஈரக்கையோடு அண்ணி வந்து உட்கார்ந்தாள்.
போனை மைலோ டின்னில் சாய்த்து வைத்தோம்.
மஸ்கெலியா மழை தகரத்தில் விழுந்து
பாதி வசனத்தைக் கொண்டுபோனது.
அடியில் ஓடிய சிங்களத்தை
அண்ணி வாசித்துச் சொன்னாள், சில வரி பிந்தி.

நல்லதை முதலில் சொல்கிறேன்.
கொலைகாரன் கொதிகலன் திருத்துகிறவன்.
பனிக்காலத்தில் அவனுக்கு
யாரும் கதவைத் திறப்பார்கள்.
இதை விளக்கி ஒரு வசனமும் இல்லை.
ஜனவரியில் மஸ்கெலியாவில் குளிக்கிறவர்களுக்கு
விளக்க வேண்டியதும் இல்லை.

நாற்பது நிமிடம், ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.
ஒருத்தி குழாயின் கீழ் கை நீட்டிப் பார்க்கிறாள்.
சுடுதண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கிறாள்.
அவளுக்குப் பின்னால் அவன்
சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப்
பெட்டியில் அடுக்குகிறான்.
அவ்வளவுதான்.
அண்ணி எழும்பிப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு படம் கெட்டுப்போகிறது.
இன்ஸ்பெக்டருக்கு ஒரு செத்துப்போன தங்கச்சி,
தங்கச்சிக்கு ஒரு பியானோ,
பியானோவுக்கு மூன்று தரம் பழைய ஞாபகம்.
கொலைகாரனுக்கு ஒரு குடிகார அப்பா.
அப்பன் குடித்தால் பிள்ளை கொல்லும் என்றால்
நம்ம லயத்தில் ஆளே மிஞ்சாது, என்றாள் அண்ணி.
கடைசித் துரத்தல் இருபத்திரண்டு நிமிடம்.
நடுவில் போய் இரண்டு ரொட்டி சுட்டு வந்தேன்,
இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நாய்களோடு நாற்பது பொலிஸ்
வரிசையாக நின்று வயலைத் தேடுகிறது.
இதைத்தான் அண்ணி கடைசிவரை நம்பவில்லை.
பத்தாம் நம்பர் லயத்துப் புஸ்பகாந்தி காணாமல் போனபோது
ஒரு கொன்ஸ்டபிள் வந்தார்.
பஸ்ஸில்.

கமரா அவனைத்தான் காதலிக்கிறது.
நல்ல வெளிச்சமெல்லாம் அவன் கன்னத்தில்.
செத்தவர்களுக்குக் கால் மட்டும்,
சில நேரம் ஒரு செருப்பு.

நாலாவது பெண்ணுக்குப் பெயரும் இல்லை.
நிறுத்து, என்றாள் அண்ணி.
பின்னால் தள்ளிப் பார்த்தோம், இரண்டு தரம்.
பொலித்தீன் கூடாரத்தில் மிளகாய் பறிக்க வந்தவள்.
எந்த நாடு, என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார்.
தெற்கே எங்கேயோ, என்கிறான் முதலாளி.
அடுத்த காட்சி.

ரொட்டி ஆறிப்போயிருந்தது.
நீ எந்த வேலைக்குப் போட்டிருக்கிறாய், என்று
அண்ணிக்குத் தெரியும்.
கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
படத்தில் எல்லோரும் கத்துகிறார்கள், அல்லது
வாய்க்குள்ளேயே விழுங்குகிறார்கள்.
அவன் ஒருவன்தான்
நிறுத்தி, நிதானமாக, மரியாதை விகுதி பிசகாமல் பேசுகிறான்.
இரண்டு மணி நேரத்தில் எனக்கு விளங்கிய கொரியன் முழுவதும்
அவன் வாயிலிருந்து வந்தது.

சப்பாத்தோடு வரலாம், வீடு அலங்கோலம், தேத்தண்ணி இல்லையே,
கதவு திறந்தவள் எதைச் சொன்னாலும்
அவன் பதில் ஒன்றுதான்:
கெஞ்சனாயோ.
பரவாயில்லை என்று அர்த்தம்.
ஒவ்வொரு தரமும் அண்ணியின் காதில் அது
கெஞ்சினாயோ என்று விழுந்தது.
கெஞ்சினாளா இல்லையா
படத்தில் காட்டவில்லை.

மறுநாள் வகுப்பில் சேர் கேட்டார்:
நேரம் கூட நின்று வேலை செய்யச் சொல்லி
முதலாளி மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?
இருபத்தாறு பேர், பெண்கள் மூன்று,
ஒரே குரலில் சொன்னோம்.
என்னை மட்டும் எழுப்பித் தனியாகச் சொல்ல வைத்தார்.

உச்சரிப்பு சுத்தம், என்றார்.
யாரிடம் பழகினாய், என்றார்.